அரைப் பேரு, முழுப் பேரு: திருநர் புள்ளைங்க மனசைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி என்ன ஆகப்போகுது?

2025 பெப்ரவரி 9, ஒரு வாசகர் கேட்டது

எங்க தேயிலைத் தோட்டத்து டிவிசனுக்கு போன மாசம் கொழும்புலருந்து ரெண்டு பேர் வந்தாங்க, ஆராய்ச்சியாம். திருநர் புள்ளைங்க (பொறந்தப்ப எழுதுன பாலை விட்டு வேற பாலா வாழுறவங்க), ஆணும் இல்ல பொண்ணும் இல்லங்கிற புள்ளைங்க, அவங்க மனநிலை, அவங்க மேல இருக்கிற களங்கம்னு கேள்வி கேட்டு ஃபோம் நெரப்புறாங்க. எனக்கு ரெண்டு சந்தேகம். ஒண்ணு, மனசு சரியில்லாததாலதான இந்தப் புள்ளைங்க இப்பிடி ஆகுறாங்க, அப்ப வைத்தியம் பாக்கிறத விட்டுட்டு எதுக்கு ஆராய்ச்சி? ரெண்டு, ஃபோம் நெரப்பி இதுவரைக்கும் யாருக்கு என்ன ஆச்சு? சண்டைக்கு இல்ல, தெரியாமத்தான் கேக்குறேன்.

பெப்ரவரி 9, ராத்திரி 9.40

ரெண்டாவதுக்கு அப்புறம் வாரேன். மொதல் சந்தேகம் உங்களுக்கு மட்டும் இல்ல, உலகம் முழுக்க வைத்தியருங்களும் ரொம்ப காலம் அப்பிடித்தான் நெனச்சாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயே இது மனநோய்ப் பகுதியிலதான் கெடந்துச்சு. 2019ல ஐசிடி-11ங்கிற புதுப் பட்டியலை ஏத்துக்கிட்டப்ப அங்கருந்து தூக்கி பாலியல் சுகாதாரம்னு வேற பகுதிக்கு மாத்திட்டாங்க, 2022 ஜனவரி 1லருந்து நடைமுறை.

அப்ப இந்தப் புள்ளைங்களுக்கு மனக்கஷ்டமே இல்லையான்னா, இருக்கு, மத்த புள்ளைங்களை விட கூடவே இருக்கு. அது எங்கருந்து வருதுங்கிறதுதான் கேள்வி. இலான் மேயர்னு அமெரிக்காவுல ஒரு ஆய்வாளர், 2003ல எழுதுன கட்டுரைல சிறுபான்மை அழுத்தம்னு ஒண்ணைப் பத்தி சொன்னாரு. வெளியிலருந்து வர்ற அடி, கேலி, வேலை குடுக்காம வெரட்டுறது ஒரு பக்கம். அது நடக்க நடக்க உள்ளுக்குள்ள ஊறிப்போறது இன்னொரு பக்கம், அதாவது புதுசா ஒரு ஆளைப் பாத்தாலே இவனும் சிரிப்பான்னு முன்கூட்டியே பயப்படுறது, மறைச்சு மறைச்சு வாழுறது, கடைசில ஊரு சொல்றது சரிதான் போலன்னு தன்னையே கேவலமா நெனைக்கிறது. அவரு எழுதுனது ஒருபால் ஈர்ப்பு உள்ளவங்களைப் பத்தி. ஹெண்ட்ரிக்ஸ், டெஸ்டான்னு ரெண்டு பேர் 2012ல அதையே திருநருக்குப் பொருத்திப் பாத்தாங்க.

நம்ம பக்கத்துக் கணக்குல சொன்னா, மலையில அட்டை கடிச்சு கால்ல ரத்தம் ஓடுது. ரத்தத்துல வியாதின்னு யாரும் சொல்றதில்ல.

பெப்ரவரி 11

எனக்கு இதெல்லாம் எப்பிடி தெரியும்னு ஒருத்தர் கேட்டிருக்காரு. நான் ஆராய்ச்சிக்காரன் இல்ல, டியூசன் மாஸ்டர். 2022ல ஒரு ஆராய்ச்சி குழுவுக்கு சிங்களமும் இங்கிலீசும் தமிழ்ல மாத்திச் சொல்லவும் குறிப்பு எடுக்கவும் நாள் சம்பளத்துக்குப் போனேன். யாரையும் அடையாளம் காட்ட மாட்டேன்னு கையெழுத்து போட்டிருக்கேன், அதனால கீழ சொல்றதுல ஊரு, வயசு எல்லாம் மாத்தித்தான் சொல்லுவேன்.

மொதல் நாளே சறுக்குனோம். லயத்துல, அதாவது தோட்டத்து ஆளுங்க வரிசை வீட்டுல, ஒரு காம்பராவுக்குள்ள (அறைக்குள்ள) உக்காந்து கேட்டோம். கதவை சாத்துனோம், ஜன்னலை சாத்துனோம், வந்த மேடம் "இப்ப நீங்க சொல்றது நமக்குள்ள மட்டும்தான்"னு நிதானமா சொன்னாங்க, நானும் அதை அழகா தமிழ்ல சொன்னேன். ஒரு எட்டு கேள்வி வரைக்கும் போச்சு. அடுத்து, கடந்த ரெண்டு கிழமைல செத்துப்போனா தேவலன்னு நெனச்சீங்களாங்கிற கேள்வி. நான் வாயெடுத்து கேட்டு முடிக்கல, பக்கத்து காம்பராவுல ஓடிக்கிட்டு இருந்த ரேடியோ சத்தம் சட்டுன்னு கொறஞ்சுச்சு. நிறுத்தல, கொறச்சாங்க. நிமிந்து பாத்தேன், நடுச்சுவரு கூரை வரைக்கும் போகவே இல்ல, மேல ஒரு முழம் தொறந்து கெடக்கு, பொகை படிஞ்சு கறுத்துப்போன தகரம் ரெண்டு வீட்டுக்கும் ஒண்ணுதான்.

அந்தப் புள்ள என்னைப் பாத்து சிரிச்சுச்சு. "இல்ல"ன்னு சொல்லிச்சு. நான் "இல்ல"ன்னு எழுதுனேன்.

அந்த "இல்ல" இன்னைக்கும் ஏதோ ஒரு கணக்குல ஒரு சைபரா ஒக்காந்திருக்கும். மேடம் அன்னைக்கு சாயங்காலம் தனியா அந்தப் புள்ளைகிட்ட பேசி, ஒதவிக்கு எங்க போகலாம்னு சொல்லிட்டுத்தான் கெளம்புனாங்க, அதையும் சொல்லணும்.

பெப்ரவரி 11, கொஞ்சம் கழிச்சு

மேல எழுதுனதைப் படிச்சுட்டு யாருக்காவது மனசுக்குள்ள அப்பிடி ஏதாவது ஓடுனா, 1926ன்னு தேசிய மனநல நிறுவனத்தோட இலக்கம் இருக்கு. எடுத்துப் பேசுங்க. பேசுறப்ப லயத்துலருந்து பேசாதீங்க, பீலிக்கரைக்கோ (தண்ணி புடிக்கிற எடம்) ரோட்டுக்கோ போயிட்டு பேசுங்க.

பெப்ரவரி 12

"அப்ப எங்க வெச்சுத்தான் பேசுனீங்க"ன்னு கேட்டவருக்கு: ஆட்டோவுல. கேலி இல்ல, நெசமா. 2022 ஞாபகம் இருக்குல்ல, பெட்ரோல் வரிசை? டவுன்ல நாலு மணி நேரம் அஞ்சு மணி நேரம் ஆட்டோ நிக்கும், யாரும் யாரையும் கவனிக்க மாட்டாங்க, எல்லாம் வெறுத்துப்போய் கெடந்தாங்க. டிரைவர் அண்ணனை டீ குடிக்க அனுப்பிட்டு, ரெண்டு பக்கமும் மழைத் தெரையை எறக்கி விட்டுட்டு பின் சீட்டுல பேட்டி. பத்து மீட்டர் தள்ளுறதுக்கு ஒருக்கா நான் எறங்கி தள்ளணும். அந்த வருசம் நாட்டுல பெட்ரோல் இல்லாததால லாபம் அடைஞ்ச ஒரே ஆளுங்க நாங்களாத்தான் இருக்கும்.

பெப்ரவரி 16

கேள்வியை தமிழ்ல மாத்துறதுலயே பாதி ஆராய்ச்சி செத்துப்போகுங்கிறத எழுதணும்னு ரெண்டு நாளா யோசிக்கிறேன்.

எங்ககிட்ட இருந்தது பி.எச்.கியூ-9ன்னு மனச்சோர்வை அளக்குற ஒன்பது கேள்வி உள்ள ஃபோம், ஒவ்வொண்ணுக்கும் 0லருந்து 3 வரை, மொத்தம் 27. அதுல மனச்சோர்வுன்னு ஒரு வார்த்தை. மலையில வேலை செய்ற எந்த அம்மாகிட்டயும் போய் மனச்சோர்வு இருக்கான்னு கேளுங்க, ஒடம்புச் சோர்வுன்னு நெனச்சு "இருக்காதா பின்ன, காலைல ஏழரைக்கு ஏறுனா"ன்னு ஆரம்பிச்சிருவாங்க. நம்ம ஆளுங்க சொல்றது "யோசனை". "ரொம்ப யோசனையா இருக்கு", "யோசிச்சு யோசிச்சே ஆளு போயிட்டா". வெளியில உள்ளவங்களுக்கு யோசனைன்னா ஐடியா, நமக்கு அது ஒரு நோய் மாதிரி. அதை மேடத்துக்கு புரிய வெக்க ஒரு நாள் போச்சு, புரிஞ்சதும் அவங்களுக்கு ஒரே சந்தோசம், நோட்டுல பெருசா எழுதி வட்டம் போட்டாங்க.

களங்கம் இன்னும் மோசம். களங்கம்னா நெலாவுல இருக்கிற கறை, அதாவது கறை நெலாமேலதான் இருக்கு. "உங்க மேல உள்ள களங்கம்"னு ஒரு புள்ளைகிட்ட கேட்டா, உன் மேல கறை இருக்குன்னு நாமளே சொன்ன மாதிரி ஆயிருது. கடைசில "ஆளுங்க உங்களைக் கேவலமா பாக்குறது"ன்னு மாத்துனோம். நீட்டு வார்த்தைதான். ஆனா பாக்குறவன் உள்ள வந்துட்டான்ல.

ஆண் / பெண் / மற்றவைன்னு கட்டம் இருந்துச்சு. அதைப் பாத்த ஒரு புள்ள, ஆணுன்னும் பொண்ணுன்னும் ரெண்டுலயும் தன்னை சேத்துக்காத புள்ள, "மற்றவைன்னா என்ன அண்ணே, கடை பில்லுல அரிசி, பருப்பு, மற்றவைன்னு போடுவாங்களே அதுவா?"ன்னு கேட்டுச்சு. மறுநாள் மற்றவர்னு திருத்தி புதுசா பிரிண்ட் எடுத்தோம். வை, வர். கடைசில கொஞ்சம்தான் வித்தியாசம், ஒண்ணு சாமானு, இன்னொண்ணு மனுசரு.

இங்கிலீசுல நான்-பைனரி (ஆணும் இல்ல பொண்ணும் இல்லங்கிற) ஆளுங்களை எப்பிடி கூப்பிடுறதுன்னு பெரிய சண்டை ஓடுது. நமக்கு அவங்க, இவங்க, வாங்க, போங்கன்னு ஆம்பள பொம்பள வித்தியாசம் இல்லாம மரியாதையா ஒரு வழி ஏற்கெனவே இருக்கு. இருந்தும் ஊர்ல எப்பிடி சொல்றாங்க? "அந்தா அது வருது பாரு." அவங்கன்னு சொல்ல ஒரு காசு செலவில்ல, அதுன்னுதான் சொல்லுவாங்க. பாஷைல வசதி இருந்தா போதாதுங்கிறதுக்கு இதை விட சாட்சி எனக்குத் தெரியல. நல்லதும் இருக்கு, "புள்ள"ங்கிற வார்த்தை. இந்த இழை பூரா நான் அதைத்தான் போட்டுக்கிட்டு வாரேன், கவனிச்சிருப்பீங்க. எங்க அம்மாயி எல்லாரையும் புள்ளன்னுதான் கூப்பிடும், எனக்கு தாடி மொளச்ச பெறகும்.

பெப்ரவரி 23

இப்ப ரெண்டாவது சந்தேகம், ஃபோம் நெரப்பி என்ன ஆச்சுன்னு.

ஒரு ஆய்வு சொல்றேன். ஸ்டீபன் ரசலும் இன்னும் மூணு பேரும் 2018ல வெளியிட்டது, அமெரிக்காவுல மூணு நகரத்துல 15லருந்து 21 வயசு வரைக்கும் உள்ள 129 புள்ளைங்ககிட்ட கேட்டது. ரொம்ப சாதாரண கேள்வி: நீங்க வெச்சுக்கிட்ட பேரை சொல்லி வீட்டுல கூப்பிடுறாங்களா, ஸ்கூல்ல கூப்பிடுறாங்களா, வேலைல கூப்பிடுறாங்களா, கூட்டாளிங்க கூப்பிடுறாங்களா. நாலு எடம். அதுல கூட ஒரு எடத்துல கூப்பிட்டா மனச்சோர்வு 29 சதவீதம் கொறையுது. பேரு சொல்லி கூப்பிடுறதுக்கு மருந்து வேணாம், பட்ஜெட் வேணாம், மந்திரி வேணாம். நாலு எடத்தையும் பாருங்க, ஒவ்வொண்ணுலயும் கூப்பிடுறது வேற ஆளு.

பெப்ரவரி 24

நேத்து எழுதுனதுல தப்பு. 29 சதவீதம் கொறஞ்சது தற்கொலை எண்ணம். அந்த மாதிரி செயல்ல எறங்குறது கொறஞ்சது 56 சதவீதம். மனச்சோர்வை அவங்க வேற புள்ளிக் கணக்குல அளந்தாங்க, அதுவும் கொறஞ்சதுதான், சதவீதமா இல்ல. ராத்திரி பதினொரு மணிக்கு ஞாபகத்துலருந்து எழுதுனா இப்பிடித்தான்.

இன்னொண்ணும் சேத்துக்கங்க, 129 பேருங்கிறது சின்னக் கூட்டம். பேரு சொன்னதாலதான் கொறஞ்சுச்சா, இல்ல பேரு சொல்ற அளவுக்கு நல்ல வீடா இருந்ததால கொறஞ்சுச்சாங்கிற கேள்வி அப்பிடியே நிக்குது. மத்தவங்க ஆதரவு எவ்வளவுங்கிறதை கணக்குல கழிச்சுட்டுத்தான் பாத்திருக்காங்க, ஆனாலும் ஒரே ஒரு தடவ கேட்ட கேள்வியை வெச்சு எது முன்ன எது பின்னன்னு அடிச்சுச் சொல்ல முடியாது.

மார்ச் 2

பேருன்னதும் எனக்கு வேற ஒண்ணு ஓடுது, கொஞ்சம் தடம் மாறுறேன், பொறுத்துக்கங்க.

தோட்டத்துக்காரங்களுக்கு விளக்கத் தேவையில்ல, யாழ்ப்பாணத்துலருந்தும் வெளிநாட்டுலருந்தும் படிக்கிறவங்களுக்கு: எங்களுக்கு பேருன்னா ரெண்டு அர்த்தம். ஒண்ணு கூப்பிடுற பேரு. இன்னொண்ணு செக்ரோல்ல (சம்பள ஏட்டுல) விழுற பேரு, அதாவது ஒரு நாள் சம்பளம். "இந்த மாசம் எத்தனை பேரு?"ன்னா எத்தனை நாள் வேலைன்னு அர்த்தம். பறிச்ச கொழுந்து கிலோ கொறஞ்சா அரைப் பேரு. எங்க தோட்டத்துல 18 கிலோ, 16 எடுத்துட்டு வந்தா கணக்கப்பிள்ளை அரைப் பேரு போட்டுருவாரு. 2025 ஆரம்பத்துல நாள் சம்பளம் 1350 ரூபா, அரைப் பேருக்கு 675. அந்த அம்மா ரெண்டு கிலோவுக்காக பாதி மனுசி ஆயிட்டாங்க, அவ்வளவுதான்.

எங்க சித்தி வீட்டுப் புள்ளையைப் பத்தி சொல்றேன். இது பேட்டி குடுத்த ஆளு இல்ல, எங்க சொந்தம், கேட்டுட்டுத்தான் எழுதுறேன், "பேரை மட்டும் போடாத அண்ணே, மத்ததை எழுது"ன்னு சொல்லிருச்சு. பொறந்தப்ப பையன்னு எழுதுனாங்க, இப்ப அந்தப் புள்ள பொண்ணா வாழுது. 18 வயசுல தோட்டத்துல பேரு பதிஞ்சப்ப பெரட்டுல (காலைல ஆளுங்களை வேலைக்குப் பிரிக்கிற எடத்துல) ஆம்பளைங்க வரிசைல நிக்க வெச்சு கவ்வாத்துக்கு, அதாவது தேயிலைச் செடி வெட்டுற வேலைக்கு அனுப்புனாங்க. அந்தப் புள்ளைக்கு கொழுந்துக்கு போகணும்னு ஆசை. சின்ன வயசுலருந்து சித்தி கூட மலைக்குப் போய் ரெண்டு கையாலயும் பறிச்சு பழகுன புள்ள, வெரலு அவ்வளவு வேகம். கங்காணி "கூடையை மாட்டிக்கிட்டா பொம்பளயாயிருவியா"ன்னு கேட்டாரு, வரிசையே சிரிச்சுச்சு. கவ்வாத்துக் கத்தி புடிக்க தெரியாம வேலை முடியல, அதனால அரைப் பேரு. பல நாள் அரைப் பேரு. செக்ரோல்ல எழுதியிருக்கிறது ஆம்பளைப் பேரு, அதுவும் பாதி.

ரசல் ஆளுங்க நாலு எடம்னு கேட்டதுல வேலை ஒண்ணு. அங்க வேலை எடத்துல பேரு தப்பா சொன்னா மனசுதான் நோகும், சம்பளம் நின்னுறாது. இங்க ரெண்டும் ஒரே வார்த்தை.

மார்ச் 4

"நீ அப்ப எங்க இருந்த"ன்னு கேட்டவருக்கு. சிரிச்ச வரிசைல நான் இல்ல, நான் டவுன்ல இருந்தேன். ஆனா நான் நல்லவன்னு நெனைச்சுக்கிட்டு எழுதுறதா நெனைக்காதீங்க. ஏழாம் வகுப்புல எங்க கூட ஒரு புள்ள படிச்சுச்சு, நடை கொஞ்சம் வேற மாதிரி இருக்கும். அதுக்கு "ஒம்போது"ன்னு பேரு வெச்சது நான் இல்ல, ஆனா கணக்குப் பாடத்துல வாத்தியார் மூணு மூணு எத்தனைன்னு கேட்டப்ப மொத வாயா கத்திட்டு அந்தப் புள்ளையைத் திரும்பிப் பாத்தது நான். வகுப்பே சிரிச்சுச்சு, வாத்தியாரும் சிரிச்சாரு. அடுத்த வருசம் அந்தப் புள்ள ஸ்கூலுக்கு வரல. அதனாலதான் வரலையா, கொழும்புக்கு கடை வேலைக்கு அனுப்பிட்டாங்களா, எனக்குத் தெரியாது, நான் யார்கிட்டயும் கேக்கவும் இல்ல.

2022ல நான் வாசிச்ச ஃபோம்ல ஒரு கேள்வி, "பாடசாலையில் உங்களை யாராவது கேலி செய்திருக்கிறார்களா?" ஒவ்வொரு தடவ அதை வாசிக்கிறப்பவும் தொண்டை கட்டும். அதே ஊரு, அதே வயசு ஆளுங்க. "நீ யாரையாவது கேலி பண்ணுனியா, எத்தனை தடவ, 0லருந்து 3க்குள்ள சொல்லு"ன்னு எனக்கு ஒருத்தரும் ஃபோம் நீட்டல. நீட்டியிருந்தா நான் 0ன்னு போட்டிருப்பேனோ என்னமோ.

அதனால கேட்டவரே, ஃபோம் வேணாம்னு நான் சொல்ல மாட்டேன். தப்பான ஆளுகிட்ட நீட்டுறாங்கன்னு சொல்லுவேன். கடிச்ச கால்லயே எத்தனை காயம்னு எண்ணிக்கிட்டு இருந்தா அட்டையை யாரு பாக்குறது.

மார்ச் 16

காமன் கூத்து முடிஞ்சு ஊர்லருந்து வந்தேன், தொண்டை போயிருச்சு, தப்பு (பறை) சத்தம் இன்னும் காதுல கேக்குது.

வெளியூருக்காரங்களுக்கு சுருக்கமா, மாசி அமாவாசை கழிச்சு காமன் பொட்டல்ல காமன் ஊண்டி, கிழமை கணக்குல கூத்து நடத்தி, கடைசில சிவன் மன்மதனை எரிக்கிறது, ரதி அழுது மடிப்பிச்சை கேக்குறது. ரதி வேசம் கட்டுறது ஆம்பளதான், வழிவழியா அப்பிடித்தான். வெரதம் இருக்கணும். எங்க சித்தி புள்ள 17 வயசுலருந்து ரதி கட்டுது. பொழுது சாய ஆரம்பிச்சா முகத்துக்கு அரிதாரம் பூச ரெண்டு மணி நேரம், அதுக்கப்பறம் யாரும் பழைய பேரு சொல்லி கூப்பிட மாட்டாங்க, ரதின்னுதான். தெருவுல ஆடி வர்றப்ப வாசல்ல தண்ணி ஊத்தி, கொழந்தையைக் கொண்டாந்து கையில குடுத்து ஆசி வாங்குவாங்க. "கூடையை மாட்டிக்கிட்டா பொம்பளயாயிருவியா"ன்னு கேட்டாரே கங்காணி, அவரு பேத்தியையும் குடுத்தாரு. அந்தப் புள்ள வாங்கி நெத்தியில துண்ணூறு பூசி குடுத்துச்சு. நான் பக்கத்துல லைட் புடிச்சுக்கிட்டு நின்னேன், அவரு கை நடுங்குச்சு, வயசா பக்தியான்னு தெரியல.

விடிஞ்சா அரிதாரம் கழுவி பீலிக்கரைல நிக்கிறப்ப மறுபடி "ஒம்போது".

மார்ச் 17

இல்லைங்க, நான் அப்பிடி சொல்லல. "பாத்தீங்களா, நம்ம மரபுல ஏற்கெனவே எடம் குடுத்திருக்கு, மேற்கத்தியக்காரன் சொல்லித் தரத் தேவையில்ல"ன்னு மூணு பேர் எழுதியிருக்கீங்க. நான் நேத்து பெருமையா எழுதுனது அப்பிடி தெரிஞ்சிருக்கும், அது என் கை தப்பு. கூத்துல எடம் இருக்குறது வேசத்துக்கு. மன்மதனா நடிக்கிற பையன் நாளைக்கு சந்தைக்கு போனா மனுசன். ரதியா நடிக்கிற புள்ள சந்தைக்கு போனா "அது". வருசத்துல பதினாறு பதினேழு நாள் முழுப் பேரு, மிச்ச நாள் அரைப் பேரு கூட இல்ல.

ஆனா இதையும் சொல்லணும். நான் அந்தப் புள்ளைகிட்ட "அப்ப கூத்து உனக்கு நல்லதா கெட்டதா"ன்னு கேட்டேன், ஆராய்ச்சி மூளை. "அந்த நாளுக்காகத்தான் அண்ணே மத்த மாசமெல்லாம் ஓடுது"ன்னு சொல்லிச்சு. டெஸ்டா ஆளுங்க 2015ல திருநர் அழுத்தத்தை அளக்க ஒரு ஃபோம் உண்டாக்குனாங்க, அதுல அடி, கேலி, மறைச்சு வாழுறதோட நிறுத்தல, பெருமையும் தன்னைப் போல உள்ளவங்களோட ஒட்டும் எவ்வளவு இருக்குன்னும் கேள்வி வெச்சாங்க. அந்தக் கட்டத்துல இந்தப் புள்ளைக்கு பங்குனி பொறக்குறப்ப எடுத்தா ஒரு மார்க்கும் ஐப்பசி மழையில எடுத்தா ஒரு மார்க்கும் வரும். ஆராய்ச்சிக்கு வர்றவங்க எந்த மாசம் வர்றாங்கங்கிறதும் ஒரு விசயம்தான்.

மார்ச் 18

மன்மதன் எரிஞ்சான்னு ஒரு கட்சி, எரியலன்னு ஒரு கட்சி பாட்டுலயே வாதாடுற லாவணி மாதிரி போகுது இந்த இழை. யாராவது தப்பு அடிங்க.

மார்ச் 30

ஒரு கெட்ட சேதி. அமெரிக்காவுல தேசிய சுகாதார நிறுவனம் திருநர் சம்பந்தப்பட்ட ஆராய்ச்சி நிதி பலதை இந்த மாசம் பாதிலயே வெட்டிருச்சு. "நமக்கென்ன"ன்னு கேக்காதீங்க, இந்த விசயத்துல உள்ள பெரிய பெரிய கணக்கெல்லாம் அந்த ஊர்க் கணக்குதான்.

அப்பிடி ஒரு கணக்கு, போன வருசம் வந்தது. 2018லருந்து 2022 வரைக்கும் 13லருந்து 24 வயசு வரை உள்ள 61,240 திருநர், நான்-பைனரி ஆளுங்ககிட்ட எடுத்த தகவல். எந்த மாநிலத்துல திருநருக்கு எதிரா சட்டம் போட்டாங்களோ அங்க சட்டத்துக்கு முன்னயும் பின்னயும் பாத்திருக்காங்க, சட்டம் போடாத மாநிலத்தோட ஒப்பிட்டு. சட்டம் வந்த பெறகு தற்கொலை முயற்சி 7லருந்து 72 சதவீதம் வரைக்கும் கூடியிருக்கு. நான் பெப்ரவரி 24ல எது முன்ன எது பின்னன்னு இழுத்தேன்ல, இது அதுக்கு கொஞ்சம் பதில் சொல்லுது. புள்ளைங்க மனசு ஒரே நாள்ல மாறல, சட்டப் புத்தகம்தான் மாறுச்சு.

நம்ம சட்டப் புத்தகத்துல 1883 தண்டனைச் சட்டம் 365, 365ஏ இன்னும் அப்பிடியே கெடக்கு. அதை நீக்குறது அரசியலமைப்புக்கு முரண் இல்லன்னு உயர் நீதிமன்றம் 2023 மே மாசம் சொல்லிருச்சு, பாராளுமன்றம்தான் நகரல. அது ஒருபால் உறவு பத்தின பிரிவு, திருநரா இருக்கிறதே குற்றம்னு எங்கயும் எழுதல. ஆனா சந்தியில நிக்கிற பொலிசுக்கு அந்த வித்தியாசம் தெரியணும்ல.

சட்டம் மாறுனா மட்டும் போதுமான்னா அதுக்கும் ஒரு உதாரணம். தற்கொலைக்கு முயற்சி பண்றது நம்ம நாட்டுல 1998 வரைக்கும் குற்றம், அந்த வருசம் நீக்கிட்டாங்க. இருபத்தேழு வருசம் ஆச்சு, இன்னைக்கும் எங்க லயத்துல யாருக்காவது அப்பிடி ஆனா ஆஸ்பத்திரில "தவறி நடந்துருச்சு"ன்னுதான் சொல்லச் சொல்லுவாங்க, பொலிசுல கேஸ் ஆயிரும்னு. புத்தகத்துலருந்து போனது வாயிலருந்து போகல.

ஏப்ரல் 6

அடையாள அட்டை பத்தி கேட்டவருக்கு. 2016லருந்து வழி இருக்கு, சுகாதார அமைச்சும் பதிவாளர் நாயகமும் அந்த வருசம் சுற்றறிக்கை போட்டாங்க. மனநல வைத்தியர் பாத்து பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் குடுப்பாரு, அதைக் கொண்டுபோய் பிறப்புச் சான்றிதழ்ல பேரையும் பாலையும் மாத்தலாம், அப்பறம் அடையாள அட்டை. 18 வயசு முடிஞ்சிருக்கணும். ஆணிலருந்து பெண், பெண்ணிலருந்து ஆண், ரெண்டுதான். ரெண்டும் இல்லங்கிற புள்ளைக்கு அதுல கட்டம் இல்ல.

எங்க புள்ள ஒரு டவுன் ஆஸ்பத்திரிக்கு மூணு தடவ போச்சு. மூணு தடவயும் வரிசைல பழைய பேரைச் சத்தமா கூப்பிட்டாங்க, சேலை கட்டுன ஆளு எந்திரிச்சதும் நூறு தலை திரும்புச்சு. நாலாவது தடவ போகல. பேரை மாத்துறதுக்கான வரிசைலயே பழைய பேரைத்தான் கத்துறாங்க. வைத்தியர் நல்ல மனுசராம், வரிசையைத் தாண்டி அவருகிட்ட போய்ச் சேரத்தான் முடியல.

பேரு மாத்துறது பெரிய பாவம்னு பேசுற நம்ம பெருசுங்களுக்கு ஒண்ணு. எங்க அப்பாவுக்கு மூணு பேரு. கூப்பிடுறது ஒண்ணு, செக்ரோல்ல கிளாக்கர் காதுல விழுந்தது ஒண்ணு, பிறப்புச் சான்றிதழ்ல அதை சிங்களத்துல எழுதி மறுபடி தமிழாக்குனது ஒண்ணு. ஈபிஎஃப் (சேமலாப நிதி) எடுக்கப் போனப்ப மூணும் ஒரே ஆளுதான்னு சத்தியக்கடதாசி முடிச்சு, ஜேபி (சமாதான நீதவான்) கையெழுத்து வாங்கி, ஒன்றரை வருசம் அலைஞ்சோம். மூணு பேரு உள்ள மனுசனை யாரும் கேவலமா பாக்கல, "அட பாவம்"னு கூட வந்தாங்க. நாலாவதா ஒரு பேரைத் தானே விரும்பி வெச்சுக்கிட்டாத்தான் ஊருக்குக் கோவம் வருது.

ஏப்ரல் 7

18 இல்ல, 16 வயசு. திருத்துனவருக்கு நன்றி. பதினாறு வயசுப் புள்ள தனியா அந்த வரிசைல நிக்கிறத நெனச்சுப் பாத்தேன்.

ஏப்ரல் 20

சித்திரை வருசப் பொறப்புக்கு வீட்டுக்கு போயிட்டு வந்தேன். சித்தி புள்ளையும் வந்துச்சு. இப்ப தோட்டத்துல இல்ல, டவுன்ல தையல் கடைல வேலை, அங்க மொதலாளியம்மா புதுப் பேரு சொல்லித்தான் கூப்பிடுறாங்களாம். கூட்டாளிங்க மூணு வருசமாவே அப்பிடித்தான். நாலு எடத்துல ரெண்டு. வீடுதான் நிக்குது. சித்தப்பா எந்தப் பேரும் சொல்றதில்ல, "இந்தா"ன்னு கூப்பிடுவாரு. சித்தி எங்க அம்மாயி மாதிரி "புள்ள". அடிச்சது இல்ல, வெரட்டுனது இல்ல, ஆனா பேரு வாயில வராது. வர மாட்டேங்குதுடான்னு என்கிட்டயே ஒருக்கா சொன்னாங்க, பத்து மாசம் நான்தானே யோசிச்சு யோசிச்சு அந்தப் பேரை வெச்சேன், அது யாரு அதை வேணாம்னு சொல்லன்னு. அந்தக் கோவமும் எனக்குப் புரியுது, பொய் சொல்லக்கூடாது.

வருசத்தன்னைக்கு மாரியம்மன் கோயில்ல நல்ல கூட்டம், தேங்கா உரிக்கக்கூட எடம் இல்ல. சித்தி அர்ச்சனைத் தட்டோட முன்னால, பின்னால அந்தப் புள்ள, அதுக்குப் பின்னால நான். பூசாரி அவசரத்துல இருந்தாரு. "பேரு நட்சத்திரம்"னு கைய நீட்டுனாரு. சித்தி சித்தப்பா பேரு சொன்னாங்க, என் பேரு சொன்னாங்க. அப்பறம் ஒரு நிமிசம் நின்னாங்க. பின்னால ஆளுங்க தள்ளுறாங்க. பழைய நட்சத்திரம், பூரட்டாதி, அதைத்தான் மொதல்ல சொன்னாங்க. "பேரு?"ன்னாரு பூசாரி.

சொன்னாங்க, புதுசை. கொஞ்சம் மெதுவா.

பூசாரிக்கு சரியா கேக்கல, மணிச் சத்தம் வேற, மந்திரத்துக்குள்ள ஏதோ வேற பொண்ணு பேரைப் போட்டு சொல்லிட்டு அடுத்த தட்டுக்கு கைய நீட்டிட்டாரு. சித்தி தட்டை வாங்காம நின்னாங்க. "சாமி, பேரு தப்பா சொல்லிட்டீங்க, திரும்ப சொல்லுங்க"ன்னு கூட்டம் பூரா கேக்குற மாதிரி, எரிச்சலோட, மறுபடி அந்தப் பேரைச் சொன்னாங்க. அவரு திரும்ப சொன்னாரு. பின்னால யாரோ நேரமாகுதும்மான்னாங்க.

வெளியில வந்தா மழை புடிச்சிருச்சு. செருப்பைத் தேடிக்கிட்டு நின்னோம், அந்தப் புள்ளையோட ஒரு செருப்பைக் காணோம்.